எந்தத் தளபதி பெரியவர்? கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம்

சமுத்திரகுப்தர் ‘இந்திய நெப்போலியன்’. பள்ளியில் வரலாறு படித்த யாருக்கும் இது தெரியும். ‘பொருத்துக’ பகுதியில் ஒரு மதிப்பெண் வாங்கிக் கொடுத்த வரி அது. பட்டத்தைச் சூட்டியவர் வின்சென்ட் ஸ்மித் என்ற வரலாற்றாசிரியர். அவருக்கு இருந்த முக்கிய ஆதாரம், அலகாபாத் தூணில் உள்ள புகழுரை. அரசவைக் கவி ஹரிசேனர் இயற்றியது. தோற்ற மன்னர்களின் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன. காஞ்சியின் விஷ்ணுகோபரும் அந்த வரிசையில் இருக்கிறார். தெற்கத்தி மன்னர்களைச் சிறைபிடித்து, பிறகு அருள்கூர்ந்து விடுவித்ததாகத் தூண் சொல்கிறது. அவ்வளவுதான். எத்தனை பேர் கிளம்பினார்கள், எந்த வழியாக வந்தார்கள், வழியில் என்ன சாப்பிட்டார்கள், களத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஒரு சொல் கிடையாது.

நெப்போலியனுக்கோ 30,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ரொட்டி, பூட்ஸ், குதிரை என்று ஒவ்வொன்றுக்கும் அவர் போட்ட உத்தரவுகளை இன்றும் படிக்கலாம். ஒரு பக்கம் ஒரு தூண், மறுபக்கம் ஒரு நூலகம். இரண்டையும் வைத்து என்ன ஒப்பிட முடியும்? ‘இவரும் நிறைய ஜெயித்தார், அவரும் நிறைய ஜெயித்தார்’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. ராஜேந்திர சோழரின் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்புக்கும் இதே கதிதான். மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை அடுக்குகிறது. எத்தனை கப்பல், எந்தப் பருவக்காற்றில் கிளம்பியது, குடிநீருக்கு என்ன ஏற்பாடு என்பதெல்லாம் அதில் இல்லை. அவ்வளவு தூரம் படையைக் கடல் கடத்தியது பெரிய காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைச் செய்தவர் எப்படி யோசித்தார் என்று நமக்குத் தெரியாது. அந்த இடத்தைப் பட்டங்களால் நிரப்பிக்கொள்கிறோம்.

தளபதிகளை வரிசைப்படுத்தும் பழக்கம் ரொம்பப் பழையது. போரெல்லாம் ஓய்ந்த பிறகு கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலும், அவரைத் தோற்கடித்த ரோமானியத் தளபதி ஸ்கிபியோவும் எபேசஸ் நகரில் சந்தித்துக்கொண்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி ஒரு கதை சொல்கிறார். உலகின் மிகப் பெரிய தளபதி யார் என்று ஸ்கிபியோ கேட்கிறார். அலெக்சாண்டர், அடுத்து பிர்ரஸ், மூன்றாவது நான் என்கிறார் ஹன்னிபால். ‘நீ என்னை ஜெயித்திருந்தால்?’ என்று ஸ்கிபியோ சிரிக்க, ‘அப்போது அலெக்சாண்டருக்கும் முன்னால் என்னை வைத்திருப்பேன்’ என்று பதில் வருகிறது. உண்மையில் நடந்ததோ இல்லையோ, தோற்றவர் ஒரே வாக்கியத்தில் தன்னையும் எதிரியையும் உயர்த்திவிடுகிறார். நெப்போலியனும் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அலெக்சாண்டர், ஹன்னிபால், சீசர், குஸ்டாவஸ் அடால்ஃபஸ், டுரேன், யூஜின், பிரெடரிக்: இவர்களுடைய போர்களைத் திரும்பத் திரும்பப் படியுங்கள் என்பார்.

2017-இல் அமெரிக்காவில் ஒருவர் பேஸ்பால் ஆட்டக்காரர்களை மதிப்பிடும் புள்ளிவிவர முறையைத் தளபதிகள்மேல் போட்டுப் பார்த்தார். நெப்போலியன் முதலிடம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் ராபர்ட் லீக்கு எதிர்மறை மதிப்பெண். இணையம் இரண்டு நாள் சூடானது. கணக்கின் ஓட்டை எங்கே என்றால், அது சண்டைகளை எண்ணுகிறது. நிறைய சண்டை போட்டவருக்கு நிறையப் புள்ளி. சண்டையே போடாமல் காரியத்தை முடித்தவருக்கு அதில் இடமில்லை.

பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் டோரஸ் வெட்ராஸ் அரண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1809 இறுதியில் லிஸ்பனுக்கு வடக்கே, வெளியே அதிகம் தெரியாமல், குன்றுக்குக் குன்று கோட்டைகளைக் கட்ட ஆரம்பித்தார். 1810 அக்டோபரில் பிரெஞ்சு மார்ஷல் மஸேனா அந்த வரிசையின் முன் வந்து நின்று பார்த்தார். தாக்க முடியாது என்று புரிந்தது. வழியெங்கும் தானியத்தை எரித்து, மக்களையும் மாடுகளையும் உள்ளே அழைத்துக்கொள்ளச் சொல்லி ஏற்கெனவே உத்தரவாகியிருந்தது. குளிர்காலம் முழுக்க மஸேனாவின் படை பசியில் கரைந்து, 1811 மார்ச்சில் திரும்பிப் போனது. போர்த்துகீசிய விவசாயிகள் இதற்குக் கொடுத்த விலையும் கொடூரமானது. புள்ளிவிவர அட்டவணையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சொல்லப்போனால் வெலிங்டன் இந்தப் பாடத்தைப் படித்தது நம் பக்கத்தில்தான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் அமிர்த மகால் மாடுகள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. நல்ல மாடு இல்லாமல் வேகமாக நகர முடியாது என்று மைசூரிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

பிராட்மனா டெண்டுல்கரா என்ற விவாதமே சண்டையில் முடிகிறது. அங்காவது ஆடுகளம் அன்றும் இன்றும் 22 கஜம். போரில் அப்படி மாறாத அளவு எதுவும் இல்லை. ‘தளபதி’ என்ற பெயர் மட்டும்தான் அப்படியே இருக்கிறது. அந்தப் பெயருக்குள் இருக்கும் வேலை ஆளே மாறிவிட்டது.

கி.மு. 216-இல் ரோமானியருக்கு எதிராக இத்தாலியின் கன்னே களத்தில் ஹன்னிபால் தன் வரிசையின் நடுவிலேயே, தம்பி மாகோவுடன், நின்றார். நடுவரிசை பின்வாங்க வேண்டும், ஆனால் உடையக்கூடாது. அவர் அங்கே நின்றதால்தான் அது உடையவில்லை என்று ஊகிக்க இடமிருக்கிறது. 1805-இல் ஆஸ்டர்லிட்ஸில் நெப்போலியன் மேட்டில் நின்று தொலைநோக்கியில் பார்க்கிறார். எட்டுப் பத்து கிலோமீட்டர் அகலமான களம், பனி, புகை. குதிரையில் ஆள் அனுப்பித்தான் பேச முடியும். எதிரி பிராட்சன் மேட்டைக் காலி செய்துகொண்டு இறங்கியது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆக, அப்போதும் ஒரே மனிதர் ஒரே இடத்திலிருந்து போரைப் பார்க்க முடிந்தது.

அடுத்த நூற்றாண்டில் அது போயிற்று. 1916 ஜூலை 1, முதல் உலகப் போரின் சோம் சண்டை. பிரிட்டிஷ் படைக்கு ஒரே நாளில் 57,470 பேர் சேதம், அதில் 19,240 பேர் இறந்தார்கள். அன்றைய தளபதிகளைக் கழுதைகள் என்று திட்டுவது வழக்கம். திட்டட்டும், காரணம் இருக்கிறது. ஆனால் அவர்கள் சிக்கியிருந்த நிலையையும் பார்க்க வேண்டும். தொலைபேசிக் கம்பி தங்கள் பதுங்குகுழியோடு முடிந்துவிடும். அதைத் தாண்டி ஓடிய படைக்கு என்ன ஆனது என்று தெரிய மணிக்கணக்காகும். தூக்கிக்கொண்டு போகக்கூடிய ரேடியோ கிடையாது. ஹன்னிபால் கத்தினால் கேட்கும் தூரத்தில் நின்றார். இவர்கள் லட்சக்கணக்கான ஆட்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடத்தினார்கள். அன்று நான்காம் படைக்குத் தலைமை தாங்கியவர் ராலின்சன். இரண்டு வருடம் கழித்து, 1918 ஆகஸ்ட் 8-இல் அமியேனில் ஜெர்மன் வரிசையை உடைத்ததும் நான்காம் படைதான், தலைமையும் அதே ராலின்சன்தான். ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப் அதைத் தங்கள் படையின் கறுப்பு நாள் என்றார். டாங்கிகள், விமானங்கள், எதிரிப் பீரங்கியைக் கண்டுபிடிக்கும் நுட்பம், களைத்துப்போன எதிரி என்று பலதும் மாறியிருந்தன. ராலின்சனும் கொஞ்சம் கற்றிருந்தார். இதில் மனிதருக்கு எவ்வளவு பங்கு, கருவிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஒரே காலத்துக்குள்ளேயே போரின் வகை மாறினால் வேலை மாறிவிடும் என்பதற்கு 1805 அக்டோபரில் ஒரு வாரம் நல்ல சாட்சி. அக்டோபர் 20-இல் உல்ம் நகரில் ஆஸ்திரியத் தளபதி மாக், தன் படையோடு நெப்போலியனிடம் சரணடைந்தார். மறுநாள், அக்டோபர் 21, டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் பிரெஞ்சு-ஸ்பானியக் கப்பற்படையை உடைத்தார். இரண்டும் அப்பழுக்கில்லாத வெற்றிகள். உல்மில் எல்லாம் ஒரே மூளையிலிருந்து வந்தது. ஆங்கிலக் கால்வாய்க் கரையிலிருந்து டான்யூப் வரை எந்தப் படைப்பிரிவு எந்தச் சாலையில் எந்த நாளில் போக வேண்டும் என்று நெப்போலியன் முடிவெடுத்தார். தலைமை அதிகாரி பெர்தியே அதைத் தெளிவான உத்தரவாக எழுதி அனுப்பினார். நெல்சனால் அப்படிச் செய்ய முடியாது. சண்டை தொடங்கிவிட்டால் புகையில் கொடிச் சைகை யாருக்கும் தெரியாது. அதனால் முன்கூட்டியே கேப்டன்களைச் சாப்பிடக் கூப்பிட்டுத் திட்டத்தை விளக்கினார். எழுதியும் கொடுத்தார். சைகை தெரியவில்லையென்றால் எதிரிக் கப்பலின் பக்கத்தில் தன் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்துகிற கேப்டன் பெரிய தப்பு செய்துவிட முடியாது என்பது அவர் கொடுத்த விதி. மதியம் ஒன்றேகாலுக்கு நெல்சன் சுடப்பட்டார், நாலரை மணிக்கு இறந்தார். சண்டை அது பாட்டுக்கு நடந்து, 33 எதிரிக் கப்பல்களில் 18 போயின. பிரிட்டனுக்கு ஒரு கப்பல்கூட நஷ்டமில்லை.

நெப்போலியன் இல்லாத இடத்தில் அவர் படை என்ன ஆனது? ஸ்பெயினில் அவருடைய மார்ஷல்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வாட்டர்லூவில் அவர் இருந்தார், பெர்தியே இல்லை. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்திருந்தார். அந்தப் போரில் உத்தரவுகள் எழுதப்பட்ட விதத்தில் குழப்பம் நிறைய. தான் இல்லாதபோது வேலை நடக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் நெல்சன் மேலே போகிறார். அதற்காக நெல்சனை உல்முக்கு அனுப்பினால் ஜெயித்திருப்பார் என்று யாராவது சொன்னால் அது வெறும் கற்பனை.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஆட்களை ஒப்பிடாமல் கணக்கை ஒப்பிடலாம். ஒரே மாதிரியான சிக்கல் பலருக்கு வந்திருக்கிறது. அதை ஒவ்வொருவரும் எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்தால் காலம், ஆயுதம் எல்லாம் தாண்டி ஏதாவது பிடிபடும். அதற்கு மிகப் பொருத்தமான சிக்கல் ஒன்று இருக்கிறது: மலையைத் தாண்டிப் படையைக் கொண்டுபோய், அங்கே அதற்குச் சோறும் தோட்டாவும் கிடைக்கச் செய்வது.

கி.மு. 218-இல் ஹன்னிபால் ரோன் ஆற்றைத் தாண்டியபோது அவரிடம் 38,000 காலாட்களும் 8,000 குதிரை வீரர்களும் இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். ஆல்ப்ஸ் மலையிலிருந்து இத்தாலிக்குள் இறங்கியபோது 20,000 காலாட்கள், 6,000 குதிரை வீரர்கள். ஒரு பெரிய சண்டைகூட போடாமல் கிட்டத்தட்ட பாதிப் படை காலி. இன்றைய ராணுவக் கல்லூரி மாணவர் இப்படி ஒரு திட்டம் எழுதினால் ஃபெயில் போடுவார்கள். ஹன்னிபாலைக் காப்பாற்றியது, வட இத்தாலியில் ரோமை வெறுத்த கால் (Gaul) இன மக்கள் இருந்ததும் அவர்கள் வந்து சேர்ந்ததும். அங்கே விளைச்சல் உண்டு, குதிரைக்குப் புல் உண்டு. ஆளும் சோறும் மலைக்கு அந்தப் பக்கம் கிடைக்கும் என்று பந்தயம் கட்டினார், கிடைத்தது. அந்தப் பந்தயத்தை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் துணிச்சல் என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சி ரென்யா ஏறக்குறைய அதே பந்தயத்தைக் கட்டினார். பர்மாவிலிருந்து சின்ட்வின் ஆற்றைத் தாண்டி, மலைக்காடுகள் வழியாக இம்பாலையும் கோஹிமாவையும் பிடிப்பது திட்டம். சுமார் 85,000 பேர். மலேயா, சிங்கப்பூர் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்திருந்த, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) ஒரு பகுதியும் கூடப் போனது. கையில் ஏறக்குறைய மூன்று வார உணவு. அதற்குள் இம்பாலைப் பிடித்துவிடலாம், பிரிட்டிஷ் கிடங்கு கைக்கு வந்துவிடும், பிறகு கவலையில்லை. கூடவே ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிக்கொண்டு போவது. மாடு சுமையும் தூக்கும், பிறகு சாப்பாடாகவும் ஆகும். செங்கிஸ்கான் பாணி என்று அதற்குப் பெயர் வேறு. பல மாடுகள் சின்ட்வின் ஆற்றிலேயே மூழ்கிப் போயின.

முட்டாகுச்சி முட்டாள் என்று இதை முடித்துவிடுவது சுலபம். ஆனால் 1942-இல் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அவர் படை இப்படித்தான் ஜெயித்திருந்தது. ஓடிப்போன பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச்சென்ற அரிசியையும் பெட்ரோலையும் ஜப்பானிய வீரர்கள் ‘சர்ச்சில் ரேஷன்’ என்று கேலியாகச் சொல்வார்கள். ஒரு முறை பலித்தது இன்னொரு முறையும் பலிக்கும் என்று நம்பினார். எதிரே இருந்தவர் மாறியிருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

எதிரே இருந்தவர் வில்லியம் ஸ்லிம். 1942-இல் பர்மாவிலிருந்து சுமார் 900 மைல் பின்வாங்கி வந்த படைக்குத் தலைமை தாங்கியவர். பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றில் அவ்வளவு நீளமான பின்வாங்கல் வேறு கிடையாது. தோற்று, கந்தலாகி, மலேரியாவோடு மணிப்பூர் வந்து சேர்ந்த படையிலிருந்து அவர் பதினான்காம் படையை உருவாக்கினார். அதில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். அவர் முதலில் போரிட்டது கொசுவோடு. 1943-இல் காயம்பட்டு ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் நோயால் 120 பேர் போனார்கள் என்பது அவரே சொன்ன கணக்கு. மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரை கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று படையில் வதந்தி. ஸ்லிம் திடீர் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். 95 சதவீதத்துக்குக் குறைவானவர்களிடம் மருந்து தெரிந்தால் அந்தப் பட்டாலியனின் தலைவருக்கு வேலை போகும். மூன்று பேரை நீக்க வேண்டியிருந்தது, அதற்குள் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று பிறகு எழுதினார். விமானத்திலிருந்து சாமான் போட பட்டு பாராசூட் போதவில்லை என்றபோது, கல்கத்தா சணல் ஆலைகளைக் கொண்டு சணலில் பாராசூட் செய்ய வைத்தார்கள். யானை மீதமர்ந்து ஆல்ப்ஸ் தாண்டும் ஓவியம்போல இதையெல்லாம் யாரும் வரைந்து மாட்ட மாட்டார்கள். எனக்கு என்னவோ இந்தச் சணல் பாராசூட் யானையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1944-இல் அவர் திட்டம், எல்லையில் நின்று மல்லுக்கட்டாமல் இம்பால் சமவெளிக்குப் பின்வாங்குவது. அப்போது மலைகளும் ஆறும் ஜப்பானியரின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். தன் முதுகுக்குப் பின்னால் விமான நிலையங்கள் இருக்கும். தவறுகளும் செய்தார். பின்வாங்கும் உத்தரவு தாமதமாகி ஒரு டிவிஷன் மாட்டிக்கொள்ளப் பார்த்தது. கோஹிமாவுக்கு இவ்வளவு பெரிய படை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அங்கே இருந்த சிறு படை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதால் தப்பியது. இரண்டையும் அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். அரக்கான் பகுதியிலிருந்து ஒரு முழு டிவிஷனை விமானத்தில் ஏற்றி இம்பாலுக்குக் கொண்டுவந்தார். முற்றுகைக்குள் இருந்த ஒன்றரை லட்சம் பேருக்கு வானத்திலிருந்து சோறு போட்டார். மழை இறங்கியது. கோஹிமாவில் ஜப்பானிய டிவிஷன் தளபதி சாட்டோ, சாப்பாடும் தோட்டாவும் வரவில்லை என்று மேலிட உத்தரவை மீறித் தன் படையைத் திருப்பிக்கொண்டு போனார். முட்டாகுச்சி தன் மூன்று டிவிஷன் தளபதிகளையும் பதவியிலிருந்து தூக்கினார். ஜூலையில் படையெடுப்பு கைவிடப்பட்டது. 50,000-க்கும் மேல் சேதம். செத்தவர்களில் மிகப் பலரைக் கொன்றது பசியும் நோயும்தான்.

சரி, பத்தே வருடம் கழித்து இதே நாடகம் வேறு மேடையில் நடந்தது. இந்தத் தடவை முடிவு தலைகீழ்.

1953 நவம்பரில் பிரெஞ்சுத் தளபதி நவார், வியட்நாமில் லாவோஸ் எல்லையருகே டியன் பியன் பூ பள்ளத்தாக்கில் வீரர்களை பாராசூட்டில் இறக்கினார். யோசனை ஏறக்குறைய ஸ்லிமுடையதுதான்: எதிரியை மலை தாண்டி வரவழைப்பது, தனக்கு விமானத்தில் சாமான் வருவது, வந்த எதிரியை அங்கேயே நொறுக்குவது. 1952 இறுதியில் நா சான் என்ற இடத்தில் இதே முறையில் பிரெஞ்சுப் படை வியட்நாமின் வோ நுயென் கியாப்பைத் தோற்கடித்தும் இருந்தது. ஆனால் நா சானில் சுற்றியிருந்த குன்றுகள் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. இம்பால் சமவெளி பெரியது, ஒன்றுக்கு மேற்பட்ட விமானத்தளங்கள் கொண்டது. டியன் பியன் பூ குறுகலான பள்ளத்தாக்கு. முக்கியமான ஓடுபாதை ஒன்றுதான், அதுவும் சுற்றுமலையிலிருந்து பீரங்கிக்கு எட்டும் தூரத்தில். கனரகப் பீரங்கியை அந்த மலைக்காட்டில் எவனும் ஏற்ற முடியாது என்ற நம்பிக்கையின்மேல் மொத்தத் திட்டமும் நின்றது.

நா சானிலிருந்து நவாரின் தரப்பு கற்றது, இது வேலை செய்கிறது என்பது. கியாப் கற்றது, பீரங்கி இல்லாமல் இப்படி மோதக்கூடாது என்பது. வரலாற்று ஆசிரியராக இருந்து தளபதியானவர். ராணுவக் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. சீனா கொடுத்த, அமெரிக்கத் தயாரிப்பான 105 மி.மீ. பீரங்கிகளை ஆட்கள் கயிறு கட்டி இழுத்து மலையேற்றினார்கள். 1954 ஜனவரி 25-இல் தாக்குதல் என்று முடிவாகியிருந்தது. சீன ஆலோசகர்களும் வேகமாக அடித்து முடிக்கும் பக்கம் இருந்தார்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டு, பிறகு ஜனவரி 26-இல் கியாப் மொத்தத்தையும் நிறுத்தினார். உயிரைக் கொடுத்து ஏற்றிய பீரங்கிகளைத் திரும்ப இறக்கச் சொன்னார். தன் வாழ்நாளின் கடினமான முடிவு என்று பின்னாளில் அதைத்தான் குறிப்பிட்டார். முட்டாகுச்சிக்கும் இவருக்கும் இடையிலான தூரம் முழுக்க அந்த ஒரு உத்தரவில் இருக்கிறது. சோறும் தோட்டாவும் போதாது என்று தெரிந்தபோது ஒருவர் தேதியை மாற்றினார், இன்னொருவர் ஆட்களை மாற்றினார்.

அடுத்த ஆறேழு வாரம் சாலை போட்டார்கள். பீரங்கிகளை மலைச்சரிவில் குகைபோல வெட்டி உள்ளே வைத்தார்கள். வியட்நாம் கணக்குப்படி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சுமைகூலிகள், சுமார் 20,000 சைக்கிள்கள். சைக்கிளில் யாரும் ஏறிப் போகவில்லை. கைப்பிடியில் மூங்கில் கட்டி, சட்டத்தில் 200 கிலோவும் அதற்கு மேலும் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். மார்ச் 13 மாலை பீரங்கிகள் பேச ஆரம்பித்தபோது பிரெஞ்சுப் பீரங்கித் தலைவர் கர்னல் பிரோத்தால் ஒன்றையும் அடக்க முடியவில்லை. சில நாட்களில் கையெறி குண்டால் தன்னையே மாய்த்துக்கொண்டார். மாதக் கடைசியில் ஓடுபாதை செத்தது. மே 7-இல் எல்லாம் முடிந்தது.

ஹன்னிபால், முட்டாகுச்சி, ஸ்லிம், நவார், கியாப் ஐவருக்கும் வந்த கேள்வி ஒன்றுதான். துணிச்சல் ஐவரிடமும் இருந்தது. இதில் முட்டாகுச்சியைவிட ஹன்னிபாலைப் பெரிய தளபதி என்று சொல்லும்போது, மலை தாண்டும் திட்டத்துக்காக அவரைப் பாராட்டக்கூடாது என்பது என் கட்சி. அந்த விஷயத்தில் இருவரும் அக்கம்பக்கம்தான். ஹன்னிபாலைத் தூக்கி நிறுத்துவது, இறங்கிய பிறகு அவர் செய்தது.

அதுவும் பாதிதான். கன்னேயில் பொலிபியஸ் கணக்கில் ரோமின் பக்கம் 80,000 காலாட்கள், ஹன்னிபால் பக்கம் அதில் பாதி. மாலைக்குள் ரோமானியப் படை இல்லாமலே போனது. செத்தவர்கள் 48,000 என்கிறார் லிவி, 70,000 என்கிறார் பொலிபியஸ். அன்றிரவு குதிரைப்படைத் தலைவர் மஹர்பால், உடனே ரோமுக்குப் போவோம் என்கிறார். ஹன்னிபால் யோசிக்கிறார். உனக்கு ஜெயிக்கத் தெரிகிறது, ஜெயித்ததை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்று மஹர்பால் சொன்னதாக லிவி எழுதுகிறார். ரோம் சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி. மதிலை இடிக்கும் கருவிகள் அவரிடம் இல்லை. போகாதது தப்பில்லை என்றே பல வரலாற்றாசிரியர்கள் நினைக்கிறார்கள். அவர் எதிர்பார்த்தது வேறு. இப்படி ஒரு அடி விழுந்தால் எந்த அரசும் சமாதானம் பேச வரும் என்று நினைத்தார். தூதரையும் அனுப்பினார். ரோம் தூதரை உள்ளே விடவில்லை, தன் கைதிகளைப் பணம் கொடுத்து மீட்கவும் மறுத்தது. சில வருடங்களில் 25 லெகியன்கள் (ரோமானியப் படைப்பிரிவுகள்) வரை திரட்டியது. கப்புவா போன்ற ஊர்கள் ஹன்னிபால் பக்கம் வந்தன. மத்திய இத்தாலி நகரவில்லை. மொத்தம் 15 ஆண்டுகள் அவர் இத்தாலியில் கிடந்தார்.

கியாப்பின் வெற்றிக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை காத்திருந்தது. 1954 பிப்ரவரியிலேயே ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிப் பேசுவதென்று வல்லரசுகள் முடிவு செய்திருந்தன. மே 7-இல் கோட்டை விழுந்தது. மே 8-இல் இந்தோசீனப் பேச்சு தொடங்கியது. போரில் சலித்துப்போன பிரான்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது. களத்தில் பார்த்தால் கன்னேக்கு முன்னால் டியன் பியன் பூ சிறியது. அங்கே முற்றுகைக்குள் இருந்தவர்கள் மொத்தமே 15,000 பேர் அளவில்தான். ஆனால் அது ஒரு போரை முடித்தது, கன்னே முடிக்கவில்லை. இதில் கியாப்பின் பங்கு எவ்வளவு, ஹோ சி மின்னின் பங்கு எவ்வளவு, பாரிஸ் அரசியலின் பங்கு எவ்வளவு? அப்படி ஜெயித்தும் மேசையில் கிடைத்தது 17-ஆவது இணைகோட்டுக்கு வடக்கே பாதி நாடுதான். சீனாவும் சோவியத் யூனியனும் அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி அழுத்தம் கொடுத்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உயிர்க்கணக்கு. டியன் பியன் பூவில் வியட்நாம் தரப்பில் இறந்தவர்கள் 4,000-க்குச் சற்று மேல் என்கிறது அந்நாட்டுக் கணக்கு. மேற்கத்திய மதிப்பீடுகள் அதைப்போல் இரு மடங்கு. பின்னாளில் நடந்த அமெரிக்கப் போரில் இழப்பு இதைப் பலமடங்கு தாண்டியது. இவ்வளவு ஆட்களைப் பலிகொடுக்கும் அமெரிக்கத் தளபதி சில வாரங்கள்கூடப் பதவியில் நீடிக்க முடியாது என்றார் வியட்நாமில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய வெஸ்ட்மோர்லண்ட். குற்றச்சாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அது கியாப்பைப் பற்றி மட்டும் சொல்வதில்லை, இரண்டு நாடுகளும் எதற்காக எவ்வளவு தாங்கத் தயாராக இருந்தன என்பதையும் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின் சோவியத் தளபதி ஜுகோவ்மீதும் இதே புகார் உண்டு. ஸ்டாலினுக்குக் கீழே வேலை பார்த்த ஒருவருக்கு ‘இப்போது வேண்டாம், பீரங்கியை இறக்குங்கள்’ என்று சொல்லும் சுதந்திரம் எவ்வளவு இருந்திருக்கும்?

அந்தச் சுதந்திரம் கியாப்புக்கும் நிலைக்கவில்லை. 1960-களில் ஹனோயில் கட்சியின் பிடி லே ஸுவானிடம் போனது. தென் வியட்நாம் நகரங்களை ஒரே நேரத்தில் தாக்கி மக்களைக் கிளர்ந்தெழச் செய்யும் திட்டத்தில் கியாப்புக்கு உடன்பாடு குறைவு என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலரின் முடிவு. 1968 ஜனவரி இறுதியில், டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டின்போது, அந்தத் தாக்குதல் வெடித்தபோது அவர் சிகிச்சை என்ற பெயரில் ஹங்கேரியில் இருந்தார். களத்தில் அது பெரும் உயிர்ச்சேதத்தோடு முறியடிக்கப்பட்டது; மக்கள் எழவில்லை. அமெரிக்காவில் போரின் மேலிருந்த நம்பிக்கை அதோடு சரிந்தது. 1975-இல் சைகோனுக்குள் நுழைந்த படைகளுக்குக் களத்தில் தலைமை தாங்கியவர் வான் தியென் துங். கியாப்பைப் பட்டியலில் சேர்ப்பவர்கள் டெட்டை அவர் தோல்வியாகவோ வெற்றியாகவோ ஏதோ ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். சைகோனையும் அவர் பெயரிலேயே போட்டுக்கொள்கிறார்கள். ஜனவரி 26-இல் நடக்காமல் போன சண்டையை மட்டும் யாரும் எழுதுவதில்லை.